ஸ்னூப்பிங் இயக்கினால் பத்துக் கேமராக்கள் நான்கு நிமிடத்தில் நிற்கின்றன, ஆறு வருவதே இல்லை, முப்பது நிற்பதே இல்லை

கட்டுப்பாட்டறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு தொழிற்சாலை வளாகத்தின் கண்காணிப்புக் கேமராக்களையும் அவற்றுக்கான வலையமைப்பையும் கவனிக்கும் பொறுப்பு மூன்று மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. மொத்தம் 46 கேமராக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபிட் வேகத்தில் மல்டிகாஸ்டாக, அதாவது ஒரு குழு முகவரிக்கு ஒரே பிரதியாக, கேட்பவர் எல்லோருக்கும் படம் அனுப்புகிறது. பதிவு செய்யும் கருவி மட்டும் ஒவ்வொரு கேமராவிடமிருந்தும் தனியாக யூனிகாஸ்டில் (ஒருவருக்கு ஒருவர்) பெற்றுக்கொள்வதால், பதிவுகளில் இதுவரை எந்தக் குறையும் இல்லை.

ஸ்விட்சுகள் மூன்று. நடு ஸ்விட்சில் கட்டுப்பாட்டறையின் இரண்டு பார்வைக் கணினிகளும் புதிய கேமராக்களில் பத்தும் உள்ளன. பழைய கட்டடத்து ஸ்விட்சில் முப்பது பழைய கேமராக்கள் உள்ளன. வாயில் ஸ்விட்சில் ஆறு புதிய கேமராக்களும் காவலர் அறையின் ஒரு பார்வைக் கணினியும் உள்ளன. வாயிலுக்குச் செல்லும் ஃபைபரின் இரு முனையிலும் 100 மெகாபிட் மீடியா கன்வெர்ட்டர்கள் (ஃபைபரையும் செப்புக் கம்பியையும் இணைக்கும் கருவிகள்) இருக்கின்றன. அனைத்தும் 20 என்ற ஒரே வீலேனில் (ஸ்விட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி வலையில்) இருக்கின்றன. அதே வீலேனில் வருகைப் பதிவுக் கருவிகளும் சேர்ந்துவிட்டன.

கேமராவின் அமைப்புப் பக்கம் பிரவுசரில் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, சில நேரம் திறப்பதே இல்லை. கேமராக்களின் கடிகாரம் தவறுகிறது. காலை எட்டு மணிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது வருகைப் பதிவுக் கருவி உறைந்துவிடுகிறது. எந்தப் போர்ட்டைப் பார்த்தாலும் வெளிச்செல்லும் போக்குவரத்து நிரம்பி வழிந்தது. கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பச் செய்யும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அணைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு மூன்று ஸ்விட்சிலும் இயக்கினேன். பதிவு செய்யப்படாத மல்டிகாஸ்டைக் கைவிடுமாறும் அமைத்தேன். அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரரிடம் கேட்டபோது, "அதைத் தொடாதீர்கள், எல்லாப் படமும் நின்றுவிடும்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது பாதி பலித்தது.

கட்டுப்பாட்டறையில், நடு ஸ்விட்சில் உள்ள பத்துக் கேமராக்களின் படம் பார்வை மென்பொருளைத் திறந்ததும் வருகிறது, பிறகு ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. மூடித் திறந்தால் மீண்டும் வந்து மீண்டும் நிற்கிறது. வாயிலின் ஆறு கேமராக்கள் வருவதே இல்லை. காவலர் அறையில் இதற்கு நேர்மாறாக, வாயிலின் ஆறு வந்து நிற்கின்றன, நடு ஸ்விட்சின் பத்து வருவதில்லை. பழைய முப்பதோ எங்கும் நிற்பதே இல்லை. ஸ்னூப்பிங் இயங்கும்போதும் அவற்றின் போக்குவரத்து எல்லாப் போர்ட்டுகளிலும் முன்போலவே கொட்டுகிறது. ஒரே அமைப்புக்கு மூன்று விதமான விளைவு ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பழைய ஹப்

ஒப்பந்ததாரருக்குக் காரணம் தெரியாது, விளைவு தெரியும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறோம். படம் நிற்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் அளந்து பார்த்தீர்களா?

நீலவடம்

அதே கேள்வியை நானும் கேட்கவிருந்தேன். கூடவே இரண்டு விவரங்கள் வேண்டும். அந்த வீலேனில் மல்டிகாஸ்ட் ரவுட்டர் அல்லது குவெரியர் (யாருக்கு எந்தக் குழு வேண்டும் என்று அவ்வப்போது கேட்பது) ஏதேனும் உள்ளதா என்று மூன்று ஸ்விட்சிலும் பார்த்துச் சொல்லுங்கள். பழைய கேமராக்களுக்கும் புதியவற்றுக்கும் எந்தெந்தக் குழு முகவரிகள் தரப்பட்டுள்ளன என்பதையும் எழுதுங்கள்.

கட்டுப்பாட்டறை

கைப்பேசியில் மூன்று முறை அளந்தேன். மென்பொருளைத் திறந்ததிலிருந்து நான்கு நிமிடம் இருபது விநாடி. ஒரு முறை கூட ஓரிரு விநாடிக்கு மேல் மாறவில்லை. குவெரியர் என்ற இடத்தில் மூன்று ஸ்விட்சிலும் எதுவும் இல்லை. ரவுட்டர் போர்ட்டுகளின் பட்டியலும் காலியாக இருக்கிறது. பழைய கேமராக்கள் 239.0.0.1 முதல் 239.0.0.30 வரை; புதியவை 239.10.2.1 முதல் 239.10.2.16 வரை.

நீலவடம்

நான்கு நிமிடம் இருபது விநாடி என்பது 260 விநாடி. அந்த எண்ணிலேயே உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஸ்னூப்பிங் என்பது ஒட்டுக்கேட்பதே தவிர வேறில்லை. ஒரு கணினி ஒரு குழுவில் சேர விரும்பினால் ஐஜிஎம்பி அறிக்கை ஒன்றை அனுப்புகிறது. அந்த அறிக்கை உண்மையில் ரவுட்டருக்கு எழுதப்பட்டது. இடையில் இருக்கும் ஸ்விட்ச் அதை எட்டிப் பார்த்து, "இந்தப் போர்ட்டில் இந்தக் குழுவுக்கு ஆள் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. ரவுட்டர் 125 விநாடிக்கு ஒருமுறை "யார் யார் இருக்கிறீர்கள்" என்ற பொதுக் கேள்வியைக் கேட்கும். அதற்கு 10 விநாடிக்குள் பதில் வர வேண்டும். ஒரு கேள்வி வழியில் தொலைந்தாலும் பாதகமில்லாதபடி இரண்டு சுற்று பொறுத்திருக்க வேண்டும். இரண்டு முறை 125, அதனுடன் 10, ஆக 260. அதற்குள் மறு அறிக்கை வராவிட்டால் குறிப்பு அழிக்கப்படும். 1997-இல் வந்த ஐஜிஎம்பியின் இரண்டாம் பதிப்பிலும் (இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2236) 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் (ஆர்எஃப்சி 3376) இயல்புநிலைக் கணக்கு இதுவே.

உங்கள் வீலேனில் கேள்வி கேட்க ஆளே இல்லை. மென்பொருளைத் திறக்கும்போது கணினி தானாக முன்வந்து அறிக்கை அனுப்புகிறது, ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது, படம் வருகிறது. அதன்பின் யாரும் கேட்காததால் கணினியும் மறுபடி சொல்வதில்லை. கணினியின் மேல் குற்றமில்லை; கேட்டால் சொல்ல அது காத்திருக்கிறது. 260-ஆவது விநாடியில் ஸ்விட்ச் குறிப்பை அழிக்கிறது. பதிவில்லாத குழுவைக் கைவிடு என்று நீங்களே சொல்லியிருப்பதால் படம் அறுகிறது.

வாயில் கேமராக்கள் வராததற்கும் வேர் இதுவே. ஒரு ஸ்விட்ச் தன்னிடம் வந்த அறிக்கையை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பாது, ரவுட்டர் இருக்கும் திசைக்கு மட்டுமே அனுப்பும். இரண்டாம் பதிப்பில், பிறர் அனுப்பிய அறிக்கையைக் கேட்ட கணினி தன் அறிக்கையை அடக்கிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு அவசியமானது. ரவுட்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, கேள்வி எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பதைக் கொண்டுதான் ஸ்விட்ச் அறிகிறது. உங்களிடம் கேள்வியே இல்லாததால் திசையும் இல்லை. கட்டுப்பாட்டறைக் கணினியின் அறிக்கை நடு ஸ்விட்சோடு நின்றுபோனது. வாயில் ஸ்விட்சுக்கு அப்படி ஒருவர் படம் கேட்பதே தெரியாது. காவலர் அறையில் நேர்மாறாக நடப்பதும் அதனால்தான்.

நடு ஸ்விட்சில் வீலேன் 20-க்குக் குவெரியரை இயக்குங்கள். ரவுட்டர் எதுவும் தேவையில்லை. ஸ்விட்சே ரவுட்டரின் இடத்தில் நின்று கேள்வி கேட்கும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் என்றால் "ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்" என்ற கட்டளை. மற்றவற்றில் பெரும்பாலும் வீலேன் பக்கத்திலேயே ஒரு தேர்வுப்பெட்டியாக இருக்கும்.

இருபத்துமூன்று பிட்

நீலவடம் இரண்டு புதிர்களை அவிழ்த்துவிட்டார். மூன்றாவது என் பெயரிலேயே இருக்கிறது.

ஐபி மல்டிகாஸ்ட் முகவரிகள் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை. முதல் நான்கு பிட்கள் எல்லாவற்றுக்கும் பொது. மீதி 28 பிட்கள்தான் குழுவை அடையாளம் காட்டுகின்றன. ஆனால் ஈதர்நெட்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியில் இதற்கு ஒதுக்கப்பட்ட இடம் 23 பிட்கள் மட்டுமே. ஐபி மல்டிகாஸ்டை வடிவமைத்த ஸ்டீவ் டீரிங் இதற்காகப் பதினாறு தொகுதி மேக் முகவரிகள் வாங்க விரும்பியதாகவும், தொகுதி ஒன்றுக்கு ஆயிரம் டாலர் விலை என்பதால் இணைய எண்களைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல் ஒன்றை மட்டும் வாங்கி அதிலும் பாதியைத்தான் கொடுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் கணக்கு இதுதான்: ஐந்து பிட்கள் தொலைகின்றன, எனவே 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியில் வந்து விழுகின்றன.

உங்கள் 239.0.0.5 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். அதன் மேக் முகவரியின் கடைசி மூன்று பைட்கள் 0, 0, 5. ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறையில் ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் 224.0.0.5 என்ற முகவரிக்கும் அதே மூன்று பைட்கள்தான். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகள் உள்வலைக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கானவை. அவற்றுக்கு உரியவர்கள் அறிக்கை அனுப்புவார்கள் என்று நம்ப முடியாது என்பதால், அவற்றை எப்போதும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541 கூறுகிறது. மேக் முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஸ்விட்சுக்கு 239.0.0.5 எது, 224.0.0.5 எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் கொட்டிவிடும். உங்கள் முப்பது கேமராக்களும் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்திருக்கின்றன. ஐபி முகவரியையே பார்த்து அனுப்பும் ஸ்விட்சுகளும் உண்டு. உங்களுடையவை அப்படிப்பட்டவை அல்ல என்பதற்கு நீங்கள் கண்ட காட்சியே சாட்சி.

முப்பதை நான்கால் பெருக்கினால் 120 மெகாபிட். உங்கள் கேமராக்களும் வருகைப் பதிவுக் கருவிகளும் 100 மெகாபிட் போர்ட் கொண்டவை என்றால், ஸ்னூப்பிங் இயங்கினாலும் அவற்றின் தலையில் 120 கொட்டிக்கொண்டே இருக்கும். முழு இருதிசை இணைப்பு என்பதால் கேமரா வெளியே அனுப்பும் படத்துக்குக் குறை வராது. ஆனால் கேமராவை நோக்கிச் செல்லும் சிறு செய்திகள், அதாவது பிரவுசர் கோரிக்கையும் கடிகாரச் செய்தியும், வரிசையில் நின்று விழுந்துவிடும். படம் நன்றாக வந்துகொண்டிருக்க, அமைப்புப் பக்கம் மட்டும் திறக்காமல் போனதன் காரணம் இதுதான்.

எனவே பழைய முப்பதுக்கும் முகவரியை மாற்றுங்கள், 239.10.1.1-இல் தொடங்கலாம். 239.128.0 என்று தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும். 128-க்கு உரிய பிட்தான் தொலைகிற பிட்களில் கடைசி, ஆகையால் அதுவும் அதே பள்ளம். அவ்வாறே 239.10.1.5, 239.138.1.5 ஆகிய இரண்டும் ஒரே மேக் முகவரிக்கு வரும் என்பதை நினைவில் கொண்டு எண்களைப் பிரியுங்கள்.

பழைய ஹப்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? கேமராக்களுக்குத் தனி வீலேன் கொடுத்து, வருகைப் பதிவுக் கருவியை வேறு வீலேனுக்கு மாற்றி, ஸ்னூப்பிங்கை அணைத்துவிட்டால் ஆட்கள் வரிசையில் நிற்கும் பிரச்சினை இன்றே தீர்ந்துவிடும். நான் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நீலவடம்

வீலேன் பிரிப்பு நல்லது, அதை எப்படியும் செய்ய வேண்டும். ஆனால் வீலேனுக்கு உள்ளே கேமராக்களின் நிலை மாறாது. 46 கேமராக்கள், 184 மெகாபிட். ஒவ்வொரு கேமராவும் மற்ற 45-இன் படத்தையும் வாங்கித் தூக்கியெறிந்துகொண்டிருக்கும். வாயிலுக்குச் செல்லும் 100 மெகாபிட் கன்வெர்ட்டர் அதைத் தாங்காது. பத்துக் கேமரா இருந்த காலத்தில் உங்கள் முறை சரியாகவே இருந்திருக்கும்.

பழைய ஹப்

கன்வெர்ட்டர் இருப்பதைக் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பத்துக் கேமரா காலம் என்று சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், சற்று வலித்தாலும்.

கட்டுப்பாட்டறை

வருகைப் பதிவுக் கருவிகளை வேறு வீலேனுக்கு மாற்றிவிட்டேன். நடு ஸ்விட்சில் குவெரியரை இயக்கினேன். கட்டுப்பாட்டறையில் பத்துக் கேமராக்களின் படம் இரண்டு மணி நேரமாக நிற்கவில்லை. ஆனால் வாயிலின் ஆறு இன்னும் வரவில்லை. வாயில் ஸ்விட்ச் வேறு நிறுவனத்தினுடையது. அதில் ரவுட்டர் போர்ட் பட்டியல் இன்னும் காலியாகவே இருக்கிறது. கேள்வி அங்கே போய்ச் சேரவில்லையா?

வளாகவலை

போய்ச் சேர்ந்திருக்கும். நடு ஸ்விட்சுக்கு வீலேன் 20-இல் ஐபி முகவரி உண்டா? நிர்வாக முகவரி வேறு வீலேனில் இருந்து, 20-இல் எதுவும் இல்லாவிட்டால், சில ஸ்விட்சுகள் கேள்வியை 0.0.0.0 என்ற அனுப்புநர் முகவரியுடன் அனுப்பும். அப்படி வரும் கேள்வியைச் சில கருவிகள் ஏற்பதில்லை, சில ஏற்றுக்கொள்ளும். ஆர்எஃப்சி 4541 தரநிலை அன்று, தகவல் குறிப்பு மட்டுமே என்பதால் ஒவ்வொரு நிறுவனமும் ஸ்னூப்பிங்கைத் தன் விருப்பப்படி எழுதியிருக்கிறது. வாயிலில் ஒரு கணினியை மிரர் போர்ட்டில் (மற்றொரு போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தருவது) செருகி, போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஐஜிஎம்பி என்று வடிகட்டிப் பாருங்கள்.

கட்டுப்பாட்டறை

தாங்கள் சொன்னதுதான். வயர்ஷார்க்கில் 125 விநாடிக்கு ஒருமுறை கேள்வி தவறாமல் வந்திருக்கிறது. அனுப்புநர் முகவரி 0.0.0.0. நடு ஸ்விட்சுக்கு வீலேன் 20-இல் 10.20.0.254 என்ற முகவரியைக் கொடுத்தேன். அடுத்த கேள்வி போனதும் வாயில் ஸ்விட்சில், நடு ஸ்விட்சை நோக்கிய அப்லிங்க் போர்ட் ரவுட்டர் போர்ட்டாகப் பதிவானது. சில விநாடிகளில் ஆறு படங்களும் கட்டுப்பாட்டறைத் திரைக்கு வந்தன.

அந்த மகிழ்ச்சியில், ஒன்றுக்கு மூன்று இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணி, மற்ற இரண்டு ஸ்விட்சுகளுக்கும் முகவரி கொடுத்துக் குவெரியரை இயக்கினேன். பத்து நிமிடத்தில் காவலர் அறையிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே எல்லாப் படங்களும் சதுரம் சதுரமாகச் சிதறுகின்றன. கட்டுப்பாட்டறையில் ஒரு குறையும் இல்லை.

நீலவடம்

வாயில் ஸ்விட்சுக்கு என்ன முகவரி கொடுத்தீர்கள்?

கட்டுப்பாட்டறை

10.20.0.2.

நீலவடம்

பல குவெரியர்கள் இருந்தால் தேர்தல் நடக்கும். மிகச் சிறிய ஐபி முகவரி உள்ளது வெல்லும். 254-ஐ 2 வென்றுவிட்டது. குவெரியர் வாயிலுக்குக் குடிபெயர்ந்ததால், மற்ற ஸ்விட்சுகளுக்கு ரவுட்டர் இருக்கும் திசை வாயிலாக மாறியது. இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: ரவுட்டர் போர்ட் வழியாக அறிக்கைகள் மட்டும் செல்வதில்லை, எல்லாக் குழுக்களின் படமும் செல்லும். ரவுட்டர் என்றால் அதற்கு அப்பால் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடும் என்பதால் ஸ்விட்ச் அனைத்தையும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. முன்பே பழைய முப்பதால் 120 மெகாபிட் மோதிக்கொண்டிருந்த கன்வெர்ட்டரில், புதிய பத்தின் 40 மெகாபிட்டும் கேட்காமலேயே சேர்ந்துகொண்டது.

குவெரியர் எங்கே இருக்க வேண்டும் என்பது விருப்பத்துக்கு விடப்பட்ட செய்தி அன்று. எல்லாப் படமும் வந்து குவிந்தாலும் தாங்கும் இடத்தில், அதாவது நடுவில் இருக்க வேண்டும். வாயிலில் அதை அணைத்துவிடுங்கள். மாற்றாள் வேண்டுமென்றால் பழைய கட்டடத்து ஸ்விட்சை வையுங்கள். நடு ஸ்விட்சுக்கு 10.20.0.2, பழைய கட்டடத்துக்கு 10.20.0.3 என்று மாற்றிக்கொண்டால் தேர்தல் முடிவு முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கும்.

கட்டுப்பாட்டறை

மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலை நிறுத்தி வைத்து பழைய முப்பது கேமராக்களுக்கும் 239.10.1.1 முதல் 239.10.1.30 வரை முகவரி கொடுத்தேன். ஒவ்வொரு கேமராவாக மாற்றும்போது பழைய கட்டடத்து ஸ்விட்சின் 41-ஆம் போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எந்தப் படமும் கேட்காத ஒரு கேமரா இருக்கிறது. முதல் ஐந்து கேமராக்கள் வரை எண்ணில் அசைவே இல்லை. போர்ட் நிரம்பிய நிலையிலேயே இருந்தது. ஆறாவதிலிருந்து நான்கு நான்காக இறங்கத் தொடங்கி, முப்பதாவது மாறியதும் ஒரு மெகாபிட்டுக்கும் கீழே வந்து நின்றது. காரணம் பிறகு புரிந்தது: 120-இலிருந்து 100 வரை இறங்கும்வரை போர்ட் நிரம்பித்தான் இருக்கும். கேமரா பக்கம் இப்போது சொடுக்கியதும் திறக்கிறது.

இப்போது நான் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். காவலர் அறைக் கணினி 16 கட்டங்கள் கொண்ட திரையைத்தான் காட்ட வேண்டும். வளாகத்தின் உள்பகுதியில் இருக்கும் 239.10.2.1 முதல் 239.10.2.4 வரையான கேமராக்களை அங்கே பார்க்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. இதை ஸ்விட்சிலேயே வடிகட்ட முடியுமா?

வளாகவலை

முடியும். இதைத்தான் குழு வடிகட்டுதல் என்கிறோம். ஸ்னூப்பிங் இல்லாமல் இது இல்லை. போர்ட்டில் வரும் சேர்க்கை அறிக்கையை ஸ்விட்ச் ஒரு பட்டியலுடன் ஒப்பிட்டு, அனுமதியில்லாத குழு என்றால் அறிக்கையையே தூக்கியெறிந்துவிடும். கேட்டலிஸ்டில் "ஐபி ஐஜிஎம்பி ப்ரொஃபைல் 5" என்று தொடங்கி, "பெர்மிட்" என்று கூறி, "ரேஞ்ச் 239.10.1.1 239.10.1.30" என்றும் "ரேஞ்ச் 239.10.2.5 239.10.2.16" என்றும் இரண்டு வரிகள் எழுதி, பிறகு அந்தப் போர்ட்டில் "ஐபி ஐஜிஎம்பி ஃபில்டர் 5" என்று கட்ட வேண்டும். பெர்மிட் என்று சொல்ல மறந்தால் ப்ரொஃபைலின் இயல்புநிலை மறுப்பு என்பதால் எல்லாம் தலைகீழாகிவிடும். நானே அப்படி ஒரு விடுதியின் தொலைக்காட்சிகள் அனைத்தையும் இருட்டாக்கியிருக்கிறேன்.

இரண்டு எல்லைகளை அறிந்துகொள்ளுங்கள். இந்த வடிகட்டி சேர்க்கையை மட்டுமே தடுக்கிறது; நிலையாக எழுதிவைத்த குழுக்களை இது தொடாது. அனுப்புபவரையும் இது தடுக்காது. யாரேனும் ஒரு மடிக்கணினியை வாயிலில் செருகி 239.10.1.5-க்கே வேறு படத்தை அனுப்பினால், அதை நிறுத்த அந்தப் போர்ட்டில் அணுகல் பட்டியல் எழுத வேண்டும். மேலும், யூனிகாஸ்டில் கேமராவை நேரடியாகத் திறப்பதை இது கண்டுகொள்ளாது. எனவே நிர்வாகத்தின் உத்தரவை ஸ்விட்ச் மட்டும் நிறைவேற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். கேமராவின் கடவுச்சொல்லும் காவலர் கணினியில் இருக்கக் கூடாது.

ஒரு போர்ட்டுக்கு எத்தனை குழு என்ற வரம்பும் உண்டு. பதினாறு கட்டம்தானே என்று 16 என்று எழுதிவிடாதீர்கள். விண்டோஸ் கணினி கருவிகளைத் தேட 239.255.255.250 என்ற குழுவிலும் சேரும். வடிகட்டி கட்டாத போர்ட்டில் அதுவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பதினாறாவது கட்டம் கறுப்பாகவே இருக்கும். திரையை மாற்றும்போது, பழைய குழுக்களிலிருந்து விலகியதை ஸ்விட்ச் உறுதிசெய்ய ஏறத்தாழ இரண்டு விநாடி எடுத்துக்கொள்வதால், அந்த நேரத்தில் புதியவற்றுக்கும் இடமிருக்காது. 40 என்று வைத்தால் நிம்மதி.

பழைய ஹப்

அந்த இரண்டு விநாடியைத் தவிர்க்க ஃபாஸ்ட் லீவ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு போர்ட்டில் ஒரே கணினி என்றால் இயக்கலாம். விலகல் செய்தி வந்த கணத்தில் போர்ட்டை வெட்டிவிடும். காவலர் அறை என்றால் மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு இயக்குங்கள். நான் ஒரு முறை இயக்கிய போர்ட்டின் மறுமுனையில், தூசி படிந்த எட்டுப் போர்ட் ஸ்விட்ச் ஒன்றில் மூன்று கணினிகள் இருந்தன. ஒருவர் திரையை மாற்றினால் மற்ற இருவருக்கும் படம் போகும். அடுத்த கேள்வி வரும்வரை வராது. அவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப்பாட்டறை

குனிந்து பார்த்தேன். ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. ஃபாஸ்ட் லீவை இயக்கவில்லை.

வடிகட்டியைக் காவலர் அறைப் போர்ட்டில் கட்டினேன். நான்கு கேமராக்களும் அங்கே வரவில்லை, மற்றவை வருகின்றன. ஒழுங்காக இருக்கட்டும் என்று அதே ப்ரொஃபைலை எல்லாக் கேமராப் போர்ட்டுகளிலும் கட்டினேன். கேமராக்கள் எந்தக் குழுவிலும் சேரத் தேவையில்லை என்று எண்ணினேன். இப்போது வலையில் உள்ள கேமராக்களைக் கண்டுபிடிக்கும் ஆன்விஃப் தேடல் கருவியைத் திறந்தால் ஒரு கேமராவும் தென்படவில்லை. நேற்றுவரை 46-ம் பட்டியலில் வந்தன.

இருபத்துமூன்று பிட்

கேமராக்கள் ஒரு குழுவில் சேர்கின்றன. ஆன்விஃப் தேடல் 239.255.255.250 என்ற குழுவுக்கு, யுடிபி 3702 போர்ட்டில் ஒரு விசாரிப்பை அனுப்புகிறது. கேமரா அந்தக் குழுவில் சேர்ந்து காத்திருந்தால்தான் அது கேமராவின் காதில் விழும். உங்கள் வடிகட்டி அந்தச் சேர்க்கையைத் தூக்கியெறிந்துவிட்டது. கேமராக்களுக்குத் தனி ப்ரொஃபைல் எழுதி, 239.255.255.250 ஒன்றை மட்டும் அனுமதியுங்கள். படம் அனுப்புவதற்குச் சேர்க்கை தேவையில்லை என்பதால் மற்ற எதுவும் வேண்டாம்.

இன்னொன்று: பதிவில்லாத மல்டிகாஸ்டைக் கைவிடு என்ற அமைப்பு ஐபிவி6-க்கும் பொருந்தும் வகையில் உங்கள் ஸ்விட்ச் எழுதப்பட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே அண்டைக் கருவியைக் கண்டறிவதே மல்டிகாஸ்டில்தான் நடக்கிறது. அதற்குரிய ஒட்டுக்கேட்பு எம்எல்டி ஸ்னூப்பிங், அது தனி அமைப்பு.

வளாகவலை

நேரக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவெரியரின் இடைவெளியை யாரேனும் மாற்றினால் மூன்று ஸ்விட்சிலும் ஒரே எண்ணை வையுங்கள். இரண்டாம் பதிப்பின் கேள்வியில் இடைவெளி எழுதப்படுவதில்லை. மற்ற ஸ்விட்சுகள் தம்மிடம் உள்ள எண்ணைக் கொண்டே ஆயுளைக் கணக்கிடும். குவெரியர் 125-இல் கேட்க, வாயில் ஸ்விட்ச் 30 என்று எண்ணிக்கொண்டிருந்தால், அதன் குறிப்புகள் 70 விநாடியில் அழிந்து, ஒவ்வொரு சுற்றிலும் படம் ஒரு நிமிடம்போல் காணாமல் போய்த் திரும்பும். அந்த நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அத்துடன், கேமராப் போர்ட்டுகளை, வலையில் சுழற்சி வராமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயில் எட்ஜ் போர்ட்டாக (முனைக்கருவி மட்டும் உள்ள போர்ட்டாக) குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரு கேமரா அணைந்து எழும்போதெல்லாம் வலையின் வடிவம் மாறிவிட்டது என்று செய்தி போகும். பல ஸ்விட்சுகள் அதைக் கேட்டுச் சிறிது நேரம் மல்டிகாஸ்ட் அனைத்தையும் கொட்டும்.

கட்டுப்பாட்டறை

கேமராக்களுக்குத் தனி ப்ரொஃபைல் எழுதினேன். தேடல் பட்டியலில் 46-ம் திரும்பிவிட்டன. எட்ஜ் குறித்துவிட்டேன். இடைவெளி மூன்றிலும் 125.

நேற்று மாலை நடு ஸ்விட்சின் குவெரியரை மட்டும் அணைத்து மாற்றாளைச் சோதித்தேன். பழைய கட்டடத்து ஸ்விட்ச் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் பொறுத்திருந்து பொறுப்பேற்றது. கட்டுப்பாட்டறைத் திரையில் இரண்டு கட்டங்கள் மட்டும் மூன்று விநாடி கறுத்துத் திரும்பின. இது இயல்புதானா?

நீலவடம்

இயல்பு. மாற்றாள் 255 விநாடி காத்திருந்துதான் பொறுப்பேற்கிறது, அதன் கேள்விக்குப் பதில் வர மேலும் 10 விநாடி வரை ஆகலாம்; குறிப்பின் ஆயுளோ கடைசி அறிக்கையிலிருந்து 260. கடைசிச் சுற்றில் முந்திப் பதில் சொல்லி, இந்தச் சுற்றில் பிந்திப் பதில் சொன்ன கட்டங்கள் கறுத்திருக்கும்.

கட்டுப்பாட்டறை

வாயில் கன்வெர்ட்டரின் அப்லிங்கில் இப்போது காவலர் அறையை நோக்கி 41 மெகாபிட் செல்கிறது. அவர்கள் பார்க்கும் பதினாறில் ஆறு அங்கேயே இருப்பதால் மீதிப் பத்துக்கு 40, கணக்கு சரியாக வருகிறது. மேசைக்குக் கீழே இருந்த ஐந்து போர்ட் ஸ்விட்சை எடுத்துவிட்டுக் கணினியை நேராகச் செருகச் சொல்லியிருக்கிறேன். அதன் மற்றொரு போர்ட்டில் என்ன செருகப்பட்டிருந்தது என்று கேட்டதற்கு, காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாட்டு கேட்பதற்கு வைத்திருந்த பழைய கணினி என்றார்கள்.